கணக்கு வராதவனுக்கு கிராபிக்ஸா?

போன வாரம் அண்ணாச்சி ஒருத்தர் நகைக்கடன் கேட்டு நம்ம கிளைக்கு வந்தார். சாலை பஜாரில் பாத்திரக்கடை, ஊர் திருநெல்வேலிப் பக்கம். கும்பகோணத்தை விட்டு திருவனந்தபுரம் வந்ததில் இருந்து, தமிழ்க்குரல் கேட்டாலே எனக்கு வேலை ஓடாது. உட்கார வைத்துப் பேசினேன்.

"பையனுக்குக் கணக்கு வரலை சார். அதான் சினிமா கிராபிக்ஸ், கேம்னு ஒரு கோர்ஸ்ல சேத்துரலாம்னு. கணக்கே வேண்டாம்னு சொல்லுதாங்க."

அங்கீகாரம் இல்லாத படிப்பு, கல்விக்கடன் வராது. அதனால் வீட்டம்மாவின் வளையல் என் மேசையில்.

நான் வெறும் பி.காம். ஆனாலும் இந்தப் புளுகு தாங்கவில்லை.

மக்களே, திரையில் பொங்கும் வெள்ளத்தையும் புகையையும் யாரும் ஒவ்வொரு துளியாக வரைவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் நேவியரும் ஸ்டோக்ஸும் எழுதிய சமன்பாடுகள்தான் அங்கே ஓடுகின்றன. இடத்தைக் குட்டிக் குட்டிக் கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் வேகம், அழுத்தம் என்று கணக்குப் போட வேண்டும். நேரத்தைக் கொஞ்சம் பெரிய அடியாக நகர்த்தினால் கணக்கு வெடித்துச் சிதறும். அப்படிச் சிதறாத ஒரு வழியை 1999இல் ஜாஸ் ஸ்டாம் காட்டினார். சினிமாவுக்கு ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரை ஓட விடலாம். கேமில் ஒரு நொடிக்கு 60 படம் வந்தாக வேண்டும். 2013இல் வந்த ஃப்ரோசன் படத்தின் பனிக்காக டிஸ்னியும் கலிபோர்னியா பல்கலைக் கணிதக்காரர்களும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். பிற்பாடு சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதே வழியை நிஜப் பனிச்சரிவை ஆராய எடுத்துக்கொண்டார்கள்!

அவ்வளவு தூரம் ஏன்? நம்ம தும்பாவில் விக்ரம் சாராபாய் மையம், ராக்கெட்டைச் சுற்றி ஓடும் காற்றைக் கணக்கிட 'பராஸ்' என்று சொந்தமாகவே மென்பொருள் எழுதியிருக்கிறது. அங்கே 2011இல் நிறுவிய சாகா-220 சூப்பர் கம்ப்யூட்டரில் இருந்தவை என்விடியாவின் கிராபிக்ஸ் சில்லுகள். பையன் கேமுக்காக அடம்பிடிக்கும் கார்டுக்குப் பெரியண்ணன்.

வரைவது வேறு தொழில், அதைக் குறை சொல்லவில்லை. 1999இல் டெக்னோபார்க்கில் தொடங்கிய டூன்ஸ், தெனாலிராமன் கார்ட்டூன் எடுத்த ஊர் இது. கையும் கண்ணும் உள்ளவனுக்கு ஸ்டோக்ஸ் தேவையில்லை. ஆனால் கணக்கும் வேண்டாம், வரையவும் வேண்டாம் என்றால் மிச்சம் என்ன? டொரண்டோக்காரர்கள் எழுதிய ஹூடினியில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதுதானே? அடுத்த வெர்ஷனில் அந்தப் பொத்தான் இடம் மாறிவிடும். இதற்குத்தான் நாம், ஊரில் நிலத்தை விற்று வந்தவர்கள், நகையை வைக்கிறோம்.

"பையன் வரைவானா அண்ணாச்சி?"

"அதெல்லாம் தெரியாது சார். போன்ல நல்லா வெளாடுவான்."

வளையலை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். பையனையும் அவன் பிசிக்ஸ் நோட்டையும் சனிக்கிழமை கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். நகைக்கடன் டார்கெட்டில் ஒன்று குறைந்தது மேனேஜர் காதுக்கு இன்னும் போகவில்லை :-)