தண்ணீர் போக மிச்சம் மூன்று கிலோ

கேமரா வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவை. எத்தனை மெகாபிக்சல்? எவ்வளவு தூரம் ஜூம் ஆகும்? வீடியோ எப்படி வரும்? தவணையில் கிடைக்குமா? எடை எவ்வளவு என்று கேட்பவர் அரிது. வீட்டு விசேஷங்களைப் படம் எடுக்க அது பெரிய விஷயமில்லை. ஏரிக்கரை, காடு, மலைப்பாதை என்று நடந்து போய்ப் படம் எடுக்க ஆசைப்படுகிறவருக்கோ அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு நாள் நடைக்குத் தூக்கும் பை, சுமப்பவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று மலையேறுபவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஆறு கிலோ. நம் ஊர் வெயிலில் அரை நாள் நடக்க இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். அதுவே இரண்டு கிலோ. சாப்பாடு, மழைக்கோட்டு, டார்ச், மருந்து இவற்றுக்கெல்லாம் ஒரு கிலோ என்று குறைத்துப் போட்டாலும், கேமராவுக்கு மிஞ்சுவது மூன்று கிலோதான். பையின் சொந்த எடை இன்னும் கணக்கில் வரவில்லை.

இந்த மூன்று கிலோவை வைத்துக்கொண்டு சந்தையைப் பார்த்தால் காட்சி மாறிவிடுகிறது. பறவை ஆர்வலர்கள் விரும்பி வாங்கும் நிக்கான் 200-500 மி.மீ. லென்ஸ் மட்டுமே 2.3 கிலோ. நிக்கானின் டி850 கேமரா, பேட்டரியோடு ஒரு கிலோ. இரண்டையும் பொருத்திய உடனேயே வரம்பு தாண்டிவிட்டது. சோனி 200-600 இரண்டு கிலோவைத் தாண்டும். சிக்மாவின் 150-600 லென்ஸின் எடை குறைந்த வகை சற்றே கீழே, 1.93 கிலோ. மறுபக்கம், கேனன் ஆர்10 என்ற சிறிய மிரர்லெஸ் கேமராவில் 100-400 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் மொத்தமே ஒரு கிலோவும் சொச்சமும். அந்த லென்ஸுக்கு ஒரு குறை உண்டு. 400 மி.மீட்டரில் அதன் துளை எஃப் 8 வரைதான் திறக்கும், எஃப் 5.6 லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சத்தில் அது பாதி. விடியற்காலை மரநிழலில் இந்த வித்தியாசம் படத்தில் தெரியும், ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டிவரும். ஆனால் நாலு மணி நேரம் நடந்த பிறகும் கை நடுங்காமல் தூக்கிப் பிடிக்க முடிகிற லென்ஸ் எது என்பதும் படத்தில் தெரியத்தான் செய்யும்.

தயாரிப்பாளர்களுக்கே இது புரிந்திருக்கிறது. 2018இல் நிக்கான் வெளியிட்ட 500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ், ஃபிரெனல் வகைக் கண்ணாடியைப் பயன்படுத்தி எடையை 1.46 கிலோவுக்குள் அடக்கியது. 2020இல் கேனன் 800 மி.மீ. லென்ஸ் ஒன்றை 1.26 கிலோவில் கொண்டுவந்தது. இவற்றுக்குச் சில ஆண்டுகள் முன் வந்த நிக்கானின் 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ் 3.8 கிலோ இருந்ததோடு ஒப்பிட்டால் மாற்றம் விளங்கும்.

புகைப்படக் கலையின் தொடக்க காலத்தில் இந்தத் தேர்வே கிடையாது. ஆங்கிலேயப் புகைப்படக்காரர் சாமுவேல் போர்ன் 1860களில் இமயமலைக்குப் போனபோது கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயும் முன் படம் எடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டியிருந்தது. கேமராவோடு தகடுகள், ரசாயன பாட்டில்கள், இருட்டறைக் கூடாரம் எல்லாம் மலையேறின. 1864இல் காஷ்மீர்ப் பயணத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட சுமைகூலிகளை அமர்த்தினார். அந்த மலைப் படங்களைப் பார்க்கும்போது அவற்றைச் சாத்தியமாக்கிய, பெயர் பதிவாகாத அந்தத் தோள்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1857 கடைசியிலும் 1858 தொடக்கத்திலும், சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். கண்ணாடிக்குப் பதிலாகப் பெரும்பாலும் மெழுகிட்ட காகித நெகட்டிவ்களை அவர் பயன்படுத்தினார். காகிதம் இலேசு, உடையாது, முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு அவர் செய்த தொகுப்பு இன்றும் வியக்க வைக்கிறது. போகிற இடமும் அதன் தட்பவெப்பமும் தீர்மானித்த கருவித் தேர்வு அது.

1927 ஏப்ரல் 10ஆம் தேதி இருபத்தைந்து வயது அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே உள்ள ஒரு விளிம்புக்கு ஏறினார். முதுகில் கொரோனா கேமரா, லென்ஸ்கள், ஃபில்டர்கள், பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள், ஏறத்தாழ பதினெட்டு கிலோ. பாறை முன் நின்றபோது மிஞ்சியிருந்தவை இரண்டே தகடுகள். முதலாவதை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். தான் உணர்ந்த கம்பீரம் அதில் வராது என்று தோன்றியதும், கடைசித் தகட்டை அடர் சிவப்பு ஃபில்டரோடு எடுத்தார். வானம் ஏறக்குறைய கறுத்து, பாறை எழுந்து நின்றது. அவரை ஆடம்ஸ் ஆக்கிய படம் அது. பதினெட்டு கிலோவும் அன்றைய தொழில்நுட்பம் கேட்ட விலை. படத்தைத் தீர்மானித்ததோ சில கிராம் எடையுள்ள ஒரு சிவப்புக் கண்ணாடியும், அதை எப்போது போட வேண்டும் என்ற தெளிவும்.

இன்று அந்த விலையை யாரும் கொடுக்க வேண்டியதில்லை. இருந்தும் பலர் விரும்பிக் கொடுக்கிறார்கள். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்ற பயம்தான் காரணம். அகலக் கோண லென்ஸ், நடுத்தர ஜூம், மேக்ரோ, பெரிய டெலி, ஃபிளாஷ், டிரைபாட் என்று எல்லாம் பைக்குள் போகின்றன. அரை கிலோமீட்டர் நடந்ததும் உட்கார இடம் தேடும் நிலை வருகிறது. அடுத்த மாதம் அதே நண்பர்கள் கூப்பிட்டால் ஏதோ ஒரு வேலை குறுக்கே வந்துவிடுகிறது. பழைய கேமராப் பொருட்கள் விற்பனைக்கு வரும் இடங்களில், அதிகம் பயன்படுத்தாதது என்ற குறிப்போடு பெரிய லென்ஸ்கள் கிடப்பதை யாரும் பார்க்கலாம். கடன் வாங்கி வாங்கியவையும் அவற்றில் இருக்கும்.

எங்கே போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தால் பாதிப் பொருள் தானாக வீட்டில் தங்கிவிடும். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டுகின்றன. ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வருகிறார்கள். அங்கே 600 மி.மீ. லென்ஸில் ஒரு கூடு முழுதாக அடங்காது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடுகள் சாலையோரத்துக்கே வருகின்றன. வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் தலைக்கு மேலேயே கடந்து போகும். 300 மி.மீட்டருக்குள் அடங்கும் லென்ஸ் ஒன்றே போதும். வண்டியை எங்கே நிறுத்துவது, அவற்றுக்குத் தீனி போடாமல் எப்படித் தள்ளி நிற்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

பழவேற்காடு வேறு கதை. பூநாரைகள் தூரத்தில் நிற்கும், போவது படகில். படகு ஆடுவதால் டிரைபாட் பயன்படாது. கையில் நிலையாகப் பிடிக்க முடிகிற நீண்ட லென்ஸ் ஒன்று, கூடவே விரிந்த நீர்ப்பரப்பைக் காட்டச் சின்ன லென்ஸ் ஒன்று, அவ்வளவே. தஞ்சை, மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களிலோ டிரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் அதைச் சுமந்து போவது வீண் வேலை.

தூரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெயில் ஏறியதும் தரையிலிருந்து கிளம்பும் சூடான காற்று மேலிருக்கும் குளிர்ந்த காற்றோடு கலந்து, ஒளியை வளைத்து வளைத்து அனுப்புகிறது. உப்பளத்திலும் வறண்ட ஏரிப் படுகையிலும் காலை ஒன்பது, பத்து மணிக்கே கானல் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் பறவையை எந்த லென்ஸில் எடுத்தாலும் இறகு கூர்மையாக வராது. லென்ஸ் சரியில்லை என்று நினைத்து இன்னும் விலையுயர்ந்ததை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணத்தைப் பயணத்துக்கு ஒதுக்கி, முந்தைய நாள் இரவே போய்த் தங்கி, ஆறு மணிக்கு ஏரிக்கரையில் நிற்பது பலமடங்கு பயன் தரும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சின்ன லென்ஸ் வைத்திருப்பவர் பறவையை நெருங்கிப் போவார், கூட்டைக் கலைப்பார், பெரிய லென்ஸ்தான் பறவைக்குப் பாதுகாப்பு என்பார்கள். பெரிய லென்ஸ் தூரத்தைத் தருகிறது என்பது உண்மைதான். தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்த சில நிமிடங்களில் வெயிலில் முட்டைகள் கெடலாம், காகம் தூக்கிப் போகலாம். ஆனால் நெருங்கும் ஆசை, சட்டகம் முழுக்கப் பறவையே நிறைய வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து வருகிறது. 600 மி.மீ. வைத்திருப்பவர்களும் இன்னும் நாலடி முன்னே போகத்தான் செய்கிறார்கள். பறவை சிறிதாகவும் அது வாழும் நாணலும் நீரும் பெரிதாகவும் உள்ள படம் ஒரு குறைந்த படம் என்ற நினைப்பு முதலில் போக வேண்டும்.

மா. கிருஷ்ணனை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் 1950 முதல் 1996இல் இறக்கும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார்; தமிழிலும் எழுதினார்; காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். பல கருவிகளின் பாகங்களை ஒன்றுசேர்த்துத் தானே உருவாக்கிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டிருந்தார். அது இலேசானதில்லை. ஆனால் தனக்கு எது வேண்டும் என்று தெரிந்து, அதற்கேற்பத் தன் கையால் அமைத்துக்கொண்ட கருவி. விலங்குகளின் நடத்தையை ஆண்டுக்கணக்கில் கவனித்த அறிவு அதன் பின்னால் நின்றது. விளம்பரத்தைப் பார்த்து வாங்குவதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம்.

தேர்ந்தெடுத்ததைச் சுமப்பதிலும் யோசனை தேவை. மூன்று கிலோவை ஒரே தோள்பட்டியில் தொங்கவிட்டால் கழுத்து சில மணி நேரத்தில் கெஞ்சும். இடுப்புப் பட்டை உள்ள முதுகுப் பையில் அதே எடை பெருமளவு இடுப்பெலும்பின் மேல் இறங்கிவிடும். கடையில் பையை வெறுமனே மாட்டிப் பார்க்காமல், உள்ளே எடை வைத்து மாட்டிப் பார்க்க வேண்டும். பல பைகள் உயரமான ஆண்களின் முதுகு நீளத்துக்கு அமைந்தவை; பெண்களுக்கும் குள்ளமானவர்களுக்கும் பட்டை இடுப்பில் உட்காராமல் தொடையில் இடிக்கும்.

கேமரா எட்டும் இடத்தில் இருப்பதும் முக்கியம். 1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் டென்சிங்கைப் படம் எடுத்த எட்மண்ட் ஹிலாரியிடம் இருந்தது, பிறர் பயன்படுத்திய ஒரு சிறிய கோடக் ரெட்டினா. குளிரில் உறையாதிருக்க அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே ஏறினார்.

நம் ஊரில் சிக்கல் குளிரில்லை, ஈரம். ஏசி காரிலிருந்தோ அறையிலிருந்தோ எடுத்த லென்ஸ், கடற்கரைக் காற்றில் உடனே பனிபடர்ந்துவிடும். பையை மூடியபடியே கால் மணி, அரை மணி வைத்திருந்து வெளிச்சூட்டுக்குப் பழக்கிய பிறகு திறந்தால் பிரச்சினை இல்லை. மழைக்காலத்தில் அலமாரியில் துணியோடு பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வைத்தால் போதும், செலவு சொற்பம். தனுஷ்கோடி மணற்காற்றில் லென்ஸ் மாற்றாமல் இருப்பது இன்னும் சிக்கனம். டிரைபாடுக்குப் பதில் காலியான துணிப்பை ஒன்றை மடித்து எடுத்துப் போகலாம். போன ஊரில் அரிசியோ கொள்ளோ வாங்கி நிரப்பினால் ஜீப் கதவிலும் மதிற்சுவரிலும் லென்ஸ் அசையாமல் உட்காரும். திரும்பும்போது தானியம் சமையலுக்கு. விமானத்தில் போகிறவர்கள் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் அனுமதி இல்லை.

வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பார்க்கும் வழக்கம் இங்கே இன்னும் பரவவில்லை. சென்னை, கோவை போன்ற நகரங்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு நாள் வாடகைக்கு லென்ஸ் தரும் கடைகள் உண்டு. சிறு ஊர்களில் இந்த இடத்தைப் புகைப்படக் குழுக்கள் நிரப்பலாம். 1850களில் தொடங்கிய போட்டோகிராபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் முதல் மாவட்டத் தலைநகரங்களில் வாட்ஸ்அப்பில் கூடும் குழுக்கள் வரை, உறுப்பினர்கள் பங்கு போட்டு ஒரு நல்ல நீண்ட லென்ஸும் ஒரு டிரைபாடும் பொதுவில் வாங்கிக் காப்பீடு செய்து வைத்தால் என்ன? கல்லூரி மாணவி ஒருத்தி அதை ஒரு சனிக்கிழமை எடுத்துப் போய், தண்ணீரோடும் சாப்பாட்டோடும் சேர்த்து மதியம் வரை தூக்கி நடந்துவிட்டு, லட்ச ரூபாய் செலவழிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.