மாரியோ குதிக்கட்டும், நீங்கள் கணக்குப் போடுங்கள்

மாணவ நண்பர்களே, 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்ற விடியோ விளையாட்டை உங்கள் பெற்றோர்களில் சிலர் அறிந்திருப்பார்கள். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1985-இல் வெளியிட்டது அது. 1990-களில் நம் ஊர்க் கடைகளில் விற்ற நகல் கருவிகளைத் தொலைக்காட்சியுடன் இணைத்து, மீசைக்கார மாரியோவைக் குதிக்க வைத்தே கோடை விடுமுறையைக் கழித்தவர்களில் நானும் ஒருவன். அண்மையில் அதை மீண்டும் ஆடினேன், இம்முறை தாளும் பென்சிலும் அருகில் வைத்துக்கொண்டு. இயற்பியல் வகுப்பில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து. 'பாடத்தை விட்டு ஆட்டமா?' என்று முகம் சுளிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் சேர்த்தே காரணம் சொல்கிறேன்.

விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கிவிட்டது. (சிக்கனத்தைப் பாருங்கள்: வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம்தான், நிறம் மட்டுமே வேறு!) கருவியின் செயலிக்குப் பெருக்கல் கட்டளையே கிடையாது. அப்படியானால், நாம் மனப்பாடம் செய்யும் இயக்கச் சமன்பாடுகளை அது எப்படிக் கணக்கிட்டது?

கணக்கிடவே இல்லை. திரையில் விநாடிக்குச் சுமார் 60 படங்கள் மாறுகின்றன. ஒவ்வொரு படத்திற்கும், வேகத்திலிருந்து ஒரு சிறு எண்ணைக் கழிக்கிறது. மீதியுள்ள வேகத்தை உயரத்தோடு கூட்டுகிறது. நின்ற இடத்திலிருந்து குதித்தால் தொடக்க வேகம் படத்திற்கு 4 புள்ளிகள். பொத்தானை அழுத்தியபடியே இருந்தால் ஒவ்வொரு படத்திலும் குறைவது 1/8 புள்ளி. ஆகவே 32 படங்களில் வேகம் பூச்சியமாகிறது. சராசரி வேகம் 2 அல்லவா? உயரம் சுமார் 64 புள்ளிகள். கணித மேதை ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டில் காட்டிய வழி இது. விண்கலங்களின் பாதையையும் இதன் செம்மையான வடிவங்களைக் கொண்டே கணிக்கிறார்கள். சமன்பாட்டை ஒப்பிக்கும் மாணவருக்கு, முடுக்கம் என்றால் என்ன என்பது இந்தக் கூட்டல் கழித்தலில் கண்ணெதிரே தெரிகிறது.

இனி, ஆட்டம் சொல்லும் பொய்களுக்கு வருவோம். விழும்போது அந்த 1/8 புள்ளி 7/16 ஆகிவிடுகிறது. அதாவது ஈர்ப்பு மூன்றரை மடங்கு! மேலே போக அரை விநாடிக்குச் சற்று அதிகம், கீழே வர அதன் மூன்றில் இரண்டு பங்கு நேரமே. காற்றின் தடை இல்லாவிட்டால் இரண்டும் சமம் என்று படித்திருக்கிறீர்கள். தடை இருந்தால், மேலே எறிந்த பந்து இறங்கத்தான் அதிக நேரம் எடுக்கும். மாரியோ உலகில் நேர் எதிர்.

பெரிய மாரியோவின் உயரம் 32 புள்ளிகள். அவரை 160 செ.மீ. ஆளாகக் கொண்டால் ஒரு புள்ளி 5 செ.மீ. அவர் விழும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 8 மடங்கு என்று வரும். உண்மையான ஈர்ப்பை வைத்தால் அதே உயரத்தை எட்டவே 0.8 விநாடி ஆகும். பொத்தானை அழுத்தும் பையனுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

இன்றைய விளையாட்டுகள் பல இயற்கையை மிக நன்றாகவே நகல் செய்கின்றன. ஆனால் அவற்றின் கணக்கு எங்கோ ஆழத்தில் ஒளிந்திருக்கிறது. குற்றம் கண்டுபிடிக்க உங்களுக்கு இடமே இல்லை. எனக்கு இந்தப் பழைய பொய்தான் பிடித்திருக்கிறது, பிடிபடுகிறது என்பதால்.

இன்னொன்றை நீங்களே பிடியுங்கள். வலப்புறம் பாய்ந்த மாரியோ, அந்தரத்தில் இருக்கும்போதே இடப்புறம் திரும்பி வருகிறார். காலுக்குக் கீழே தரை இல்லை, கையில் பிடிப்பு இல்லை. தம் உந்தத்தை அவர் எதனிடம் கொடுத்தார்?