மூச்சு விட வழி வேண்டாமா?

மத்தியானம் 3 மணிக்கு ஏ.சி. ஆபீசுக்குள் எட்டிப் பாருங்கள். குமாஸ்தா கொட்டாவி விடுவார். கேஷியருக்குத் தலைவலி. "எல்லாம் சாப்பாட்டு மயக்கம்யா" என்பார் மானேஜர்.

சாப்பாட்டின் மேல் மட்டும் பழி போடலாமா?

சுவரில் மாட்டும் 'ஸ்பிளிட்' ஏ.சி. பெரும்பாலும் வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையே திருப்பித் திருப்பிக் குளிர வைக்கிறது. கரண்டு மிச்சம் என்று ஜன்னலையும் அடைத்துவிட்டால்? பத்து பேர் விட்ட மூச்சைப் பத்து பேரும் இழுக்க வேண்டியதுதான்!

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் இதைத்தான் செய்தார்கள். ஆளுக்கு நிமிஷத்துக்கு 15 கன அடியாக இருந்த வெளிக்காற்றை 5 ஆகக் குறைத்தார்கள். தலைவலி, கண் எரிச்சல் என்று ஊழியர்கள் புலம்பினார்கள். 1989-ல் விதியை மாற்றி மறுபடி குறைந்தது 15 ஆக்கினார்கள்.

2015-ல் வெளியான ஹார்வர்டு ஆராய்ச்சியில் 24 பேரை ஆபீஸ் அறையில் உட்கார வைத்து மூளைக்குப் பரீட்சை வைத்தார்கள். கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 1,400 பங்கு ஏறிய நாளில், நல்ல காற்றோட்டமான நாளைவிட மார்க் பாதியாகச் சரிந்தது!

கரண்டு பில்லில் மிச்சம், கணக்குப் புத்தகத்தில் தப்பு. யாருக்கு லாபம்?

ரோட்டுப் பக்கம் திறந்தால் புகை வரும், வாஸ்தவம்தான். பின்பக்க ஜன்னலையாவது சாப்பாட்டு நேரத்தில் திறந்து வையுங்க, முதலாளி. ஒரு எக்ஸாஸ்ட் பேனும் மாட்டுங்க. குளிர் கொஞ்சம் வெளியே போகும். போகட்டுமே!