சோலார் சார்ஜரை நம்பி மலையேறலாமா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

இமயமலை டிரெக்கிங்குக்கு ஒருமுறை கூகுளில் தேடிப் பாருங்கள். மறுநாளே உங்கள் போனில் சோலார் பவர் பேங்க் விளம்பரம் வரத் தொடங்கிவிடும். '30,000 எம்ஏஎச், வெயிலிலேயே சார்ஜ் ஆகும், கரண்டே தேவையில்லை' என்பார்கள். விலையும் கையைக் கடிக்காது. வாங்கிவிடலாமா?

சுருக்கமான பதில் இதுதான்: நான்கைந்து நாள் டிரெக்குக்கு சோலார் வேண்டாம், நல்ல பவர் பேங்க் போதும். ஒரு வாரத்துக்கு மேல், வெயில் நன்றாக அடிக்கும் பகுதிக்குப் போகிறீர்கள் என்றால் வாங்கலாம். ஆனால் அந்த விளம்பரத்தில் வருவதை வாங்காதீர்கள்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொரு விஷயம்.

போன் சார்ஜ் ஏன் இவ்வளவு முக்கியம்?

பல வெளிநாடுகளில் மலையேறுபவர்கள் கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவியைக் கையில் வைத்திருப்பார்கள். மொபைல் டவரே இல்லாத இடத்திலிருந்தும் உதவி கேட்க முடியும். இந்தியாவில் அரசின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது சட்டவிரோதம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் இந்தக் கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணி பிடிபட்டது செய்தியானது.

ஆக, நம்மூர் டிரெக்கருக்கு மேப், ஜிபிஎஸ், அவசரத்துக்கு டார்ச், 112 எல்லாமே அந்த ஒரு போன்தான். உங்கள் சிம் கம்பெனிக்கு சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு கம்பெனியின் டவர் எட்டினால் 112-க்கு அழைப்பு போக வாய்ப்பு உண்டு. அதற்கு போனில் உயிர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில் கர்நாடகாவிலிருந்து சென்ற டிரெக்கிங் குழு பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் உயிரிழந்தார்கள். மலையில் பெரும் ஆபத்துகள் பெரும்பாலும் இப்படித்தான், மோசமான வானிலையோடு சேர்ந்தே வருகின்றன. அந்த நேரத்தில் சோலார் பேனல் வேலை செய்யாது. ஏற்கெனவே சேமித்து வைத்த சார்ஜ்தான் கைகொடுக்கும். சோலார் சார்ஜர் வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்கும்போது மனதில் இருக்க வேண்டியது இதுதான்.

எம்ஏஎச்-ஐ மறந்துவிடுங்கள், வாட் ஹவரைப் பாருங்கள்

சரி, கணக்குக்கு வருவோம். எம்ஏஎச் என்ற எண்ணை வைத்து பேனலையும் பேட்டரியையும் ஒப்பிட முடியாது. அதை வோல்டேஜால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வாட் ஹவர் கிடைக்கும். வீட்டு மின்கட்டண பில்லில் ஒரு யூனிட் என்பது 1,000 வாட் ஹவர்.

உங்கள் போனில் 5,000 எம்ஏஎச் பேட்டரி இருந்தால் சுமார் 19 வாட் ஹவர். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் 74 வாட் ஹவர். ஆனால் 74-ம் போனுக்குப் போய்ச் சேராது. வோல்டேஜ் மாறும்போதும் சூடாகும்போதும் ஒரு பகுதி வீணாகிவிடும். கைக்கு வருவது 50 என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை முறை ஃபுல் சார்ஜ்.

டிரெக்கில் போனை ஃப்ளைட் மோடில் போட்டு, போட்டோவும் மேப்பும் மட்டும் பார்த்தால் ஒரு நாளைக்கு 40% செலவாகும் என்று வையுங்கள். அது 8 வாட் ஹவர். ஹெட்லேம்ப், வாட்ச்சுக்கு இன்னொரு 2. மொத்தம் 10. போனில் இருக்கும் 19, பவர் பேங்கின் 50, இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட ஏழு நாள். ஐந்து நாள் டிரெக்கில் ஒரு ஃபுல் சார்ஜ் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் உங்கள் அவசரகால இருப்பு. அதில் ரீல்ஸ் பார்க்கக் கூடாது!

கேதார்காந்தா, ஹம்ப்டா பாஸ் போல நம்மவர்கள் அதிகம் போகும் பாதைகள் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் அறிவித்த 40 பாதைகளும் பெரும்பாலும் ஒரே நாளில் முடிபவை. அங்கெல்லாம் சோலார் பற்றிய பேச்சே தேவையில்லை.

முதுகில் பேனல் ஒட்டிய பவர் பேங்க்: ஏன் வேண்டாம்?

போன் சைஸில் இருக்கும் பேனல், 15 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம் என்று எடுத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1,000 வாட். இந்தச் சின்னப் பரப்பில் விழுவது 10 வாட் சொச்சம். அதில் 20% மின்சாரமாக மாறினால் 2 வாட். வீட்டில் இருக்கும் சாதாரண 20 வாட் சார்ஜரில் பத்தில் ஒரு பங்கு.

30,000 எம்ஏஎச் என்றால் 111 வாட் ஹவர். அதை 2 வாட்டில் நிரப்ப 55 மணி நேரம் உச்சி வெயில் வேண்டும். இந்தியாவில் நல்ல வெயில் நாளில் கிடைக்கும் மொத்த ஆற்றலை உச்சி வெயில் கணக்கில் சுருக்கினால் ஐந்தாறு மணி நேரம்தான் தேறும். அதாவது சுமார் பத்து நாள்! இதுகூட நஷ்டத்தைக் கழிக்காத கணக்கு. அதோடு, லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. அதையே வெயிலில் காயப்போட்டுத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்றால், அந்த டிசைனே இடிக்கிறது.

இன்னொரு சிக்கல் விமான நிலையத்தில் காத்திருக்கிறது. பவர் பேங்கை செக்-இன் பையில் போடக் கூடாது, கைப்பையில் மட்டும்தான். 100 வாட் ஹவர் வரை பிரச்னையில்லை. 100-ஐத் தாண்டினால் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 27,000 எம்ஏஎச்-சிலேயே 100-ஐத் தொட்டுவிடுகிறது. விளம்பரத்தில் வந்த அந்த 30,000 நிஜமாகவே 30,000 என்றால், செக்யூரிட்டி செக்கில் நிறுத்திவிடுவார்கள்.

மடக்கும் பேனல்: எப்போது லாபம்?

பேட்டரி இல்லாமல், புத்தகம் போல விரியும் 20 வாட் பேனல்கள்தான் உருப்படியான வகை. எடை அரை கிலோ அளவில் வரும். ஆனால் அந்த 20 வாட், ஆய்வகத்தில் 1,000 வாட் ஒளியில், 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. மலையில் நேர் வெயிலில் விரித்து வைத்தால் 12 வாட் வந்தால் நல்லது.

டிரெக்கில் காலையில் கிளம்பி மதியம் ஒன்று, இரண்டு மணிக்கு கேம்ப்பை அடைவீர்கள். இமயமலையில் பல இடங்களில் காலை வானம் தெளிவாக இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் கூடிவிடும். அதாவது, வெயில் அடிக்கும்போது நீங்கள் நடந்துகொண்டிருப்பீர்கள். பேனலை விரித்து உட்காரும்போது வெயில் போயிருக்கும்! பையில் தொங்கவிட்டு நடந்தால் பேனல் சூரியனைப் பார்த்தபடி நிற்காது. செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு பட்டையின் நிழல் விழுந்தாலே மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

கேம்ப்பில் இரண்டு மணி நேர வெயில் கிடைத்தால் 24 வாட் ஹவர். பவர் பேங்க் வழியாகப் போனுக்கு வரும்போது 15 தேறும். அதே அரை கிலோ எடைக்கும் குறைவாக இன்னொரு 20,000 பவர் பேங்க் எடுத்தால் 50 உறுதி. பேனல் அதை முந்த நான்கு நல்ல வெயில் நாளாவது வேண்டும்.

அதனால் பேனல் லாபமாவது நீண்ட பயணங்களில்தான். குல்லுவிலிருந்து ஸ்பிதிக்குக் கடக்கும் பின் பார்வதி பாஸ் மாதிரி பத்து நாள் பாதை, ஒரே இடத்தில் சில நாள் தங்கும் பேஸ் கேம்ப், பத்துப் பேர் சேர்ந்து ஒரு பேனலைப் பகிர்ந்துகொள்ளும் குழு. இவற்றில் வாங்கலாம்.

எந்த இடம், எந்த மாதம்?

ஜூலை, ஆகஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கில் அது பூ சீசன், மழை சீசனும் அதுவே. பேனல் வெறும் சுமை. அதே மாதங்களில் லடாக் மழை மறைவுப் பகுதி. லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்வதே சுமார் 100 மி.மீ. மழைதான். வெயில் பளீர், காற்று ஜில். சோலார் பேனலுக்கு இதுதான் பிடிக்கும். வெளிச்சம் கூட வேண்டும், சூடு கூடக் கூடாது.

பேட்டரி இதற்கு நேரெதிர். கடுங்குளிரில் 30% காட்டும் போன் பட்டென்று அணைந்துவிடும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவது பேட்டரியையே கெடுக்கும். இரவில் போனையும் பவர் பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

* பேனலின் மொத்த வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு யுஎஸ்பி போர்ட்டில் 5 வோல்ட், 2.4 ஆம்ப் என்று இருந்தால், அந்த போர்ட்டில் 12 வாட்டுக்கு மேல் வராது.
* மேகம் வந்து போனபின் பேனல் தானாகவே மறுபடி சார்ஜ் செய்யத் தொடங்குகிறதா? வீட்டு மாடியில் கையால் மறைத்துச் சோதித்துவிடுங்கள்.
* போனை நேரடியாக பேனலில் மாட்டாதீர்கள். பகலில் பவர் பேங்க்கை நிரப்புங்கள், இரவில் அதிலிருந்து போனுக்கு.
* இந்தியாவில் பவர் பேங்க்குக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். பெட்டியில் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். எண்ணே இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

கடைசியாக, பணம் கட்டும் முன் டிரெக் நடத்தும் நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். வழிகாட்டியிடம் வாக்கி-டாக்கி இருக்கிறதா? பாதையில் எந்தெந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும்? வானிலை மோசமானால் எந்த இடத்திலிருந்து திரும்புவீர்கள்? இதற்குத் தெளிவான பதில் வராத குழுவோடு போனால், உங்கள் பையில் எத்தனை வாட் இருந்தாலும் பாதுகாப்பு இல்லை.