சண்டை நேரத்தில் ஓட்டு எதுக்கு?

நாடு போரில் இருக்கும்போது எல்லாரும் ஒத்துமையா இருக்கணும், தேர்தலை எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்னு நிறையப் பேர் சொல்றாங்க. நான் அதை ஒத்துக்க மாட்டேன். ஏன்னு சொல்றேன்.

இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் 1939-ல் பிரிட்டனின் மூன்று பெரிய கட்சிகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரு தொகுதி காலியானால், அதை வைத்திருந்த கட்சி மட்டும் ஆள் நிறுத்தும். மற்ற இரண்டும் ஒதுங்கிக்கொள்ளும். பொதுத்தேர்தலும் 1945 வரை தள்ளிப்போனது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓட்டுப் போடுறவங்களுக்கு அதில் என்ன மிச்சம்?

மேற்கு டெர்பிஷயர் தொகுதியைப் பாருங்க. சாட்ஸ்வொர்த் மாளிகையில் வாழும் டெவன்ஷயர் பிரபு குடும்பத்தின் செல்வாக்குள்ள ஊர் அது. 1923 முதல் 1938 வரை அப்பா எம்.பி. அவர் டியூக் ஆனதும் தங்கை கணவர் எம்.பி. அவர் 1944-ல் விலகியதும் மகன் ஹார்ட்டிங்டன் வேட்பாளர். மாமா விட்ட சீட்டு மருமகனுக்கு! (குடும்பச் சொத்து மாதிரி.) பிரதமர் சர்ச்சிலே ஆதரவுக் கடிதம் எழுதினார்.

எதிர்த்து நின்றவர் சார்லஸ் வைட். செருப்புத் தைப்பவரின் மகன். தொழிற்கட்சி ஒப்பந்தத்தில் இருந்ததால், அவர் அதைவிட்டு வெளியே வந்து சுயேச்சையாக நின்றார். 1922-ல் இவருடைய அப்பா, ஹார்ட்டிங்டனின் அப்பாவை இதே தொகுதியில் தோற்கடித்தவர்!

பிப்ரவரி 17, 1944. வைட்டுக்கு 16,336 ஓட்டு, ஹார்ட்டிங்டனுக்கு 11,775.

இதனால் ஒத்துமை கெட்டுப்போச்சா? சர்ச்சில் பதவியில்தான் இருந்தார். நாலு மாசத்துக்குள், ஜூன் 6-ம் தேதி, நேசப்படைகள் நார்மண்டியில் இறங்கின. சர்ச்சிலோடு சேர்ந்து ஹிட்லரை எதிர்த்த அதே மக்கள்தான் அவர் சொன்ன ஆளுக்கு ஓட்டுப் போடலை. ரெண்டும் வேற வேற விஷயம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

ஹார்ட்டிங்டனை நான் மட்டமாகச் சொல்லவில்லை. அவர் ராணுவ அதிகாரி. தோற்றதும் போர்முனைக்குப் போனார், செப்டம்பரில் பெல்ஜியத்தில் குண்டடிபட்டு இறந்தார். வயது 26. அவருடைய வீரத்துக்கு வணக்கம். ஆனா வீரம் வேறு, தொகுதி வேறு. 1945 பொதுத்தேர்தலிலும் அந்த ஊர்க்காரர்கள் வைட்டையே தேர்ந்தெடுத்தார்கள். இந்தத் தடவை தொழிற்கட்சி வேட்பாளராகவே.