மீட்டரை மாத்தாதீங்க, முதல்ல எர்த்தைப் பாருங்க

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. மிச்ச நேரத்தை என்னோட மண்ணில்லா விவசாயம் தின்னுடுச்சு. தண்ணியில கீரை வளர்க்கிற கதையைச் சொல்லி உங்களை ஏற்கனவே அறுத்திருக்கேன். புதுசா வர்றவங்களுக்காக ஒரு சின்ன கொசுவர்த்தி.

நாங்க இருக்கிறது சென்னையில வாடகை வீடு, தரைத்தளம். பக்கத்துல நாலு மாடி எழும்பினதுல இருந்து எங்க வீட்டுக்கு வெயில் வர்றது ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம்தான். அதனால பின்ரூம்ல 40 லிட்டர் டப், மேல மூடியில 36 ஓட்டை, அதுல பாலக்கும் லெட்யூஸும். தலைக்கு மேல எல்ஈடி க்ரோ லைட். டைமர் காலைல 5 மணிக்குப் போட்டு ராத்திரி 7 மணிக்கு அணைச்சிடும்.

மண்ணுல வளர்த்தா நாம செய்யிற தப்பை மண் கொஞ்சம் தாங்கிக்கும். தண்ணியில அந்தச் சலுகை கிடையாது. ரெண்டு எண்ணை விடாம பார்த்துக்கிட்டே இருக்கணும். ஒண்ணு பிஹெச், இன்னொண்ணு ஈசி. (ஈசின்னா சுலபம்னு நினைச்சிடாதீங்க, தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பைக் காட்டுற மின்கடத்துத்திறன் அது.) லெட்யூஸுக்கு பிஹெச் 5.5ல இருந்து 6.5க்குள்ள இருந்தா நல்லது. பேனா மாதிரி ஒரு சின்ன மீட்டர் வச்சு ஒரு வருஷம் நிம்மதியாத்தான் ஓட்டினேன். அப்புறம் ஆசை யாரை விட்டுது? எப்பவும் தண்ணியிலயே கிடந்து, செல்போன்ல கிராஃப் போட்டுக் காட்டுற மானிட்டர் ஒண்ணு வாங்கினேன். அங்க பிடிச்சது சனி.

மானிட்டர் பகல்ல 7.2 காட்டுச்சு. ராத்திரி 6க்கு இறங்கிடுச்சு. செடி நைட்ரேட்டை உறிஞ்சுறப்போ பிஹெச் ஏறும்னு எங்கேயோ படிச்சிருந்தேன். ஆகா, நம்ம செடி பகல்ல சாப்பிட்டு ராத்திரி தூங்குதுன்னு நானே ஒரு தியரி கண்டுபிடிச்சு, தங்கமணிகிட்ட லெக்சரும் கொடுத்தேன். தினமும் காலைல ஆபீஸ் கிளம்புறதுக்கு முன்னாடி பாஸ்பாரிக் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டா விட்டு 5.8க்குக் கொண்டு வந்துட்டுப் போவேன்.

பத்து நாள்ல வேரெல்லாம் பழுப்பு. இலை ஓரம் சுருண்டு கருகுது. ஒவ்வொண்ணா பிடுங்கி எடுத்ததுல 36ல 22 காலி.

குட்டை உடைச்சது மின்வெட்டு. ஒரு சனிக்கிழமை காலைல 11 மணிக்குக் கரண்ட் போச்சு. மானிட்டரும் நெட்டும் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கு, க்ரோ லைட் இல்ல. கையில போன். லைட் அணைஞ்ச அதே நொடியில கிராஃப் 5.8ல இருந்து 4.6க்கு மாடிப்படி மாதிரி விழுது. 40 லிட்டர் தண்ணியோட குணத்தை எந்தச் செடியும் ஒரு நொடியில மாத்தாது. பழைய பேனா மீட்டரை எடுத்து, தண்ணியை ஒரு டம்ளர்ல மொண்டு பால்கனியில வச்சுப் பார்த்தேன். 4.6! மின்வெட்டுக்கு நன்றி சொன்ன முதல் தமிழன் நானாத்தான் இருப்பேன் :-)

பக்கத்து வீட்டு சார் மணலி பக்கம் ஒரு ஆலையில இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். கூட்டிட்டு வந்து காட்டினேன். கரண்ட் வந்ததும் சட்டைப் பையில இருந்து டெஸ்டரை எடுத்து லைட்டோட அலுமினியச் சட்டத்துல வச்சார். சிவப்பா எரிஞ்சுது. "தம்பி, மீட்டர் கதையை அப்புறம் பேசிக்கலாம், முதல்ல ஸ்விட்சை அணைச்சு டப்புல இருந்து கையை எடுங்க"ன்னார். சுவர் பிளக்கைக் கழட்டினா மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி வயரே இல்ல. எர்த் அங்க வெறும் அலங்காரம்.

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. தினமும் சாயங்காலம் ஸ்கூல்ல இருந்து வந்ததும், என் பொண்ணு வெறுங்காலோட நின்னு டப்புக்குள்ள கையை விட்டு வேரைத் தொட்டுப் பார்க்கும்.

சார் சொல்லிக் கொடுத்ததையும் நான் தேடிப் படிச்சதையும் சேர்த்துச் சுருக்கமா சொல்றேன். பிஹெச் அளக்கிறது நுனியில இருக்கிற கண்ணாடிக் குமிழ். பிஹெச் ஒரு புள்ளி மாறினா, 25 டிகிரி வெப்பத்துல, அது தர்ற மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுற பேட்டரியே 1500 மில்லிவோல்ட். அந்தக் கண்ணாடியோட மின்தடையும் பல கோடி ஓம். 1934ல கலிஃபோர்னியாவுல ஆர்னால்டு பெக்மன்கிட்ட அவரோட பழைய வகுப்புத் தோழர் ஒருத்தர், எலுமிச்சைச் சாறோட புளிப்பை ஒழுங்கா அளக்க முடியலைன்னு வந்து நின்னார். இந்த நோஞ்சான் சிக்னலைத் தூக்கிக் காட்ட பெக்மன் வால்வு வச்ச ஆம்ப்ளிஃபயர் கட்ட வேண்டியிருந்தது. நம்ம பிஹெச் மீட்டர் பிறந்த கதை அது.

இப்படி ஒரு நோஞ்சான் பக்கத்துல நாம என்னத்தைத் தொங்க விடறோம்? க்ரோ லைட்டுக்குள்ள இருக்கிற ட்ரைவர் 230 வோல்ட்டை செகண்டுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் எல்ஈடிக்குக் கொடுக்குது. அந்த வெட்டுல கிளம்புற இரைச்சலை அடக்க, உள்ள சோக், கெப்பாசிட்டர்னு ஒரு ஃபில்டர் இருக்கணும். அதுல சில கெப்பாசிட்டர் இரைச்சலை எர்த்துக்குத்தான் தள்ளிவிடும். எர்த்தே இல்லேன்னா அதே கெப்பாசிட்டர் வழியா சட்டம் மொத்தமும் நூறு வோல்ட்டுக்கு மேல மிதக்கும். அதுல வர்ற கரண்ட் ரொம்பக் குறைச்சல், தொட்டா சுருக்குன்னு இருக்கிறதோட சரி. ஆனா அந்தக் குமிழுக்கு அதுவே புயல். நான் வேற, வயரெல்லாம் அழகா இருக்கட்டும்னு பிஹெச் வயரையும் லைட் வயரையும் சேர்த்து டை போட்டுக் கட்டி வச்சிருந்தேன். தங்கமணி பாராட்டின ஒரே வேலை அதுதான்.

இப்போ என் கருத்துக்கு வர்றேன். மீட்டர் ஆடுதுன்னு தோட்டக்கார நண்பர்கள்கிட்ட கேட்டா பத்துல எட்டுப் பேர் சொல்றது, "மலிவு மீட்டர் வாங்கினா இப்படித்தான், நல்லதா வாங்கு". இதை நான் ஒத்துக்க மாட்டேன். இந்தக் கூத்துல ஒழுங்கா வேலை செஞ்சது அந்த மீட்டர் ஒண்ணுதான். குற்றவாளி தலைக்கு மேல தொங்கிட்டிருந்தது. விளக்குகள் எவ்வளவு ரேடியோ இரைச்சல் விடலாம்னு சிஸ்பிஆர் 15ன்னு சர்வதேசத் தரநிலையே இருக்கு. 2014ல அமெரிக்க ஹாம் ரேடியோ சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்., கடையில விற்கிற க்ரோ லைட் பேலஸ்ட் ஒண்ணை லேப்ல சோதிச்சு, இரைச்சல் எல்லை மீறிப் போகுதுன்னு எஃப்சிசிகிட்ட புகாரே கொடுத்தது. ஃபில்டர்ல மிச்சம் பிடிக்கிற லாபம் விற்கிறவனுக்கு. செத்த செடி, ஆசிட் செலவு, புது மீட்டர் செலவு எல்லாம் நமக்கு.

"அளக்கிறப்போ மட்டும் லைட்டை அணைச்சுக்கோயேன், இதுக்குப் போய் ஏன் இவ்வளவு பேச்சு?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். பேனா மீட்டர்னா சரிதான். ஆனா தானா ஆசிட் விடற பம்பை மானிட்டரோட இணைச்சிருக்கிறவங்க இருக்காங்க. தினம் 14 மணி நேரம் லைட் எரியற வீட்டுல, தப்பு எண்ணைப் பார்த்து அந்த பம்ப் அவங்க இல்லாதப்போ ஊத்திட்டே இருக்கும். அதைவிட முக்கியம், லைட்டை அணைச்சா மீட்டர் சரியாயிடும், எர்த் சரியாகுமா? அன்னைக்கு மீட்டர் ஆடலேன்னா, எர்த் இல்லாத இரும்புக்கும் தண்ணிக்கும் நடுவுல என் பொண்ணு கை வச்சிட்டிருக்குங்கிறது எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ட்ரைவர் உள்ள இன்சுலேஷன் ஒரு நாள் போயிருந்தா, சுருக்கோட நின்னிருக்காது.

என் பங்குக்கும் குட்டிக்கிறேன். தண்ணி நிஜமாவே 7க்கு மேல இருந்திருந்தா இரும்புச்சத்து ஏறாம கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னிருக்கும். என் கொழுந்தெல்லாம் பச்சைப்பசேல்னுதான் இருந்தது. நான் போனையே பார்த்துட்டு இருந்தேன், இலையைப் பார்க்கலை.

வீட்டு ஓனர்கிட்ட சண்டை போட்டு எர்த் இழுத்தாச்சு. ஆர்சிசிபியும் போட்டாச்சு (எலக்ட்ரீஷியன் இன்னும் ஈஎல்சிபின்னுதான் சொல்றார்). பிஹெச் வயரைப் பிரிச்சுத் தனியா கொண்டு போயாச்சு. லைட் வயர்ல, லேப்டாப் சார்ஜர்ல உருளையா இருக்குமே, அந்த ஃபெரைட் ஒண்ணு மாட்டியாச்சு. 1.2 ஆடின எண் இப்போ 0.1 கூட ஆடலை. புது மீட்டர் வாங்கலை.

அதனால மக்கா, உங்க வீட்டு மீட்டர் ஆடினா லைட், பம்ப் எல்லாத்தையும் பிளக்கோட பிடுங்கிட்டு ஒரு டம்ளர் தண்ணியை வெளிய கொண்டு போய் அளந்து பாருங்க. ரெண்டு எண்ணும் ஒத்துப்போகலேன்னா ஆசிட் பாட்டிலைத் தொடாதீங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

பி.கு: தப்பிச்ச 14 செடியில லெட்யூஸ் தேறிடுச்சு. பாலக் இன்னும் கோபமா இருக்கு. "அடுத்த லெக்சர் எப்போ?"ன்னு தங்கமணி கேட்டுட்டு இருக்காங்க :-(