பெயரில்லாத அட்டைக்கு ராயல்டி

டிபிஐஐடி எனும் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2025 டிசம்பரில் வெளியிட்ட வரைவறிக்கையின் முதல் பகுதி பற்றி இந்த இதழின் நிலைப்பாடு என்ன என்று அட்டை வடிவமைப்பாளர்கள் கேட்கிறார்கள். பாதி சம்மதம், பாதி எதிர்ப்பு. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் நம் வேலையைக் கொண்டு தங்கள் மென்பொருளைப் பழக்கினால் பணம் தர வேண்டும் என்கிறது அறிக்கை. அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் ‘என் படத்தைத் தொடாதே’ என்று மறுக்கும் உரிமை படைத்தவருக்குக் கிடையாது என்றும் சொல்கிறது. அதை ஏற்க முடியாது. ‘ஒரே நாடு, ஒரே உரிமம், ஒரே கட்டணம்’ என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள். ‘ஒரே’வில் தொடங்கும் திட்டங்களில் நம்மைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு எங்கே இடம் என்று யாராவது சொன்னால் தேவலை.

நம் தொழிலில் முதலில் அடிபடப்போவது மர்ம நாவல் அட்டைதான். கத்தி, கையுறை, பாதி இருட்டில் ஒரு பெண்முகம், சிவப்பில் லெட்டரிங் என்று அதன் சாமான்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. நாலு வரி எழுதிக் கேட்டால் மென்பொருள் அரை நிமிடத்தில் கொடுத்துவிடும். கொடுப்பதில் என்ன குறை என்பதும் நமக்குத் தெரியும்: அதற்கு மறைக்கத் தெரியாது. மர்ம நாவலுக்கு அட்டை போடுபவர் வாசகருக்குக் காட்டக்கூடாத ஒன்றைத் தெரிந்துகொண்டு, அதைச் சுற்றி வேலை செய்கிறார். 1961இல் பெங்குவின் கலை இயக்குநர் ஜெர்மானோ ஃபாசெட்டி கேட்டுக்கொண்டபடி வடிவமைப்பாளர் ரோமெக் மார்பர் அதன் க்ரைம் வரிசைக்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார். மேல் மூன்றில் ஒரு பங்கு எழுத்துக்கு, மீதி படத்துக்கு, பச்சை நிறத்தையும் விடவில்லை. கட்டத்தை யாரும் காப்பியடிக்கலாம், அடித்தார்கள். கதையைப் படித்துவிட்டு எந்த ஒரு பொருளை மட்டும் கீழே வைப்பது என்று முடிவெடுப்பதுதான் மார்பரின் சரக்கு.

நம் ஊர் மாத நாவல்களில் அந்த வசதிகூட இல்லை. அடுத்த மாதத் தலைப்பு இந்த மாதமே விளம்பரமாகிவிடும். கதை கைக்கு வருமுன் அட்டை பிரஸ்ஸுக்குப் போனதும் உண்டு. தலைப்பையும் போனில் கேட்ட இரண்டு வரியையும் வைத்துக்கொண்டு ஒருவர் கொலையையும் சந்தேகத்தையும் போஸ்டர் கலரில் உண்டாக்க வேண்டும். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று எழுத்தாளர் பெயரைச் சொன்னதும் கண்ணுக்குள் வரும் படத்தை வரைந்தவர் யார் என்று பஸ் ஸ்டாண்டு கடையில் கேட்டுப் பாருங்கள். ஓவியர் ஷ்யாமை 2008இல் பிளாஃப்ட் பதிப்பகம் தன் ஆங்கிலத் தொகுப்புக்கு அட்டை வரையவைத்த பிறகுதான் வெளியூர்க்காரர்களுக்கு அவர் பெயரே தெரிந்தது.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. ராயல்டி யாருக்கு வரும்? பதிப்புரிமைச் சட்டத்தின் 17(பி) என்ன சொல்கிறது என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர். போட்டோஷாப்பில் கோத்த அட்டையும் தனியாக எழுதிய லெட்டரிங்கும் அந்தப் பிரிவுக்குள் வருமா என்று வாதாடலாம், வாதாட வேண்டும். ஆனால் தூரிகையால் வரைந்த பழைய அட்டைகளுக்கு அந்த வாதமும் இல்லை. ஒப்பந்தம் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் நடந்த தொழில் இது. ஆக, ஓவியரின் கைவண்ணத்தைத் தின்று மென்பொருள் வளரும். அதற்கான காசு, வருமானால், பதிப்பகத்தின் வாரிசுகளுக்குப் போகும்.

எஞ்சியிருப்பது 57ஆவது பிரிவு. உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் ‘இதைப் படைத்தவன் நான்’ என்று சொல்லும் உரிமை போகாது. 2005இல் சிற்பி அமர்நாத் சேகல் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதை மத்திய அரசுக்கே எடுத்துச் சொல்லியிருக்கிறது. ஆனால் சொல்ல ஆதாரம் வேண்டுமே! ஓவியர் மூலையில் போட்ட கையெழுத்து ட்ரிம்மில் போய்விடும். தப்பித்தால் மறுபதிப்பில் படத்தைக் குறுக்கி, விலைப்பட்டையை அதன் மேலேயே வைப்பார்கள்.

ஏதாவது ஒரு தமிழ்ப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தாள் 18.6 கிலோ மேப்லித்தோ என்று இருக்கும். எழுத்து எத்தனை புள்ளி, ஒளியச்சு எங்கே, அச்சகம் எந்தத் தெரு, எல்லாம் இருக்கும். தாளின் எடைக்குக் கிடைத்த மரியாதை அட்டை போட்டவருக்குக் கிடைக்கவில்லை. இலக்கியப் பதிப்பகங்கள் ஆதிமூலம் காலத்திலிருந்து ஓவியர் பெயரை ஓரளவு போட்டுவருகின்றன. லட்சக்கணக்கான கைகளில் புரண்ட க்ரைம் நாவலில் அது பெரும்பாலும் இல்லை. வங்காளத்தில் ஃபெலுடா துப்பறியும் கதைகளை எழுதிய சத்யஜித் ராயே அட்டையும் வரைந்துகொண்டதால் அங்கே இந்தத் தகராறு எழவில்லை!

இதைப் பதிப்பாளர்கள் தலையில் மட்டும் கட்ட நான் தயாராக இல்லை. 1867ஆம் ஆண்டின் அச்சகம், புத்தகப் பதிவுச் சட்டம் ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்றது. ராஜத்துரோகம் அச்சடித்தவனைப் பிடிக்க வெள்ளைக்காரனுக்கு அது தேவைப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் அதை வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, கூடவே ‘அட்டை வரைந்தவர் பெயரும்’ என்று மூன்று சொல் சேர்க்கத் தோன்றவில்லை. 2023இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் புத்தகத்தையே கழற்றிவிட்டார்கள். தமிழக அரசு சிறந்த நூலுக்கு ஆண்டுதோறும் பரிசளிக்கிறது, நூலாசிரியருக்கும் பதிப்பகத்துக்கும். அட்டை எந்த வகைப்பாட்டிலும் இல்லை. இப்போது டெல்லி, படைப்பாளிகள் தரவுத்தளத்தில் பதிந்துகொண்டால் பணம் வரும் என்கிறது. இசைக்கு ஐபிஆர்எஸ் இருக்கிறது, அச்சு நூல்களுக்கு ஐஆர்ஆர்ஓ இருக்கிறது. ஓவியர் எந்தச் சங்கத்தின் வாசலில் நிற்பார்? முப்பது வருடத்துக்கு முன் வரைந்து, மூலப்படத்தைத் திரும்பப் பெறாத ஒருவர் எதைக் காட்டிப் பதிவார்? அறிக்கை மீது கருத்துச் சொல்ல முதலில் 30 நாள் கொடுத்தார்கள். தன் படம் எந்தெந்த அட்டையில் வந்தது என்று தேடுவதற்கே அந்த ஓவியருக்கு அது போதாது.

எனவே துறைக்கு நாம் அனுப்பும் கருத்து நீளமானதல்ல. 17(பி)யிலிருந்து நூல் அட்டையை விலக்க வேண்டும். பதிப்பு விவரப் பக்கத்தில் அட்டை வடிவமைத்தவர், ஓவியர் பெயர்களைக் கட்டாயமாக்க வேண்டும். மறுக்கும் உரிமை வேண்டும். செயற்கை நுண்ணறிவு தரும் படங்களுக்கு யார் உரிமையாளர் என்பது இரண்டாம் பகுதியில் வருமாம். அதற்கு முன் இது முடிய வேண்டும்.

அதுவரை பில்லில் நாலு வரி சேருங்கள்: இந்தப் பதிப்புக்கு மட்டும், மறுபதிப்பும் மின்னூலும் தனி, பயிற்சிக்கான ராயல்டி வடிவமைப்பாளருக்கே, பெயர் இரண்டாம் பக்கத்தில். பதிப்பாளர் ‘சரி’ என்று மின்னஞ்சலில் பதில் போட்ட பிறகே பிஎஸ்டி ஃபைலைக் கொடுங்கள். 19ஆம் பிரிவுப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில்தான் நடக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்தாண்டுதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் பங்குக்கு: வரும் இதழிலிருந்து, அட்டை வடிவமைத்தவர் பெயர் இல்லாத புத்தகத்துக்கு மதிப்புரைப் பகுதியில் அட்டைப் படம் போடமாட்டோம். நமக்கு விளம்பரம் தரும் பதிப்பகங்களுக்கும் இது பொருந்தும். அவர்களுக்குத் தனியாகக் கடிதம் போயிருக்கிறது.